மனிசியிட்டக் கேக்க முதல் அத்திவாரம் வெட்டின டாஸ்க் மனேஜர்: ஆறு மாசம் பாவிச்ச ரிவியூ

"தம்பி, நான் இன்னும் மனிசியிட்டயே கதைக்கேல்ல, நீங்கள் அத்திவாரம் வெட்ட ஆள் பிடிச்சிட்டியளோ?"

ஒரு ஞாயித்துக்கிழமை விடிய ஆறு மணிக்கு ரொறன்ரோவில இருந்து ஒரு அண்ணை கோல் எடுத்துக் கேட்ட கேள்வி இது, அங்க அப்ப சனி இரவு எட்டரை. நான் பல்லும் தீட்டேல்ல. மனுசன் முதல்நாள் வட்சப்பில கேட்டது ஒரே ஒரு விசயம்தான், ரெண்டு பரப்புக் காணிக்குள்ள மூண்டு அறையோட வீடு கட்ட உத்தேசமா எவ்வளவு முடியும் எண்டு. அவ்வளவுதான். அதை எங்கட ஏஜென்ட், அதாவது மெசேஜை வாசிச்சு எங்களுக்காகத் தானா வேலை செய்யிற ஏஐ புரோகிராம், வாசிச்சிட்டு, புது வீடு வந்திட்டுது எண்டு தானா முடிவெடுத்து, ஒரு புரொஜெக்ட் திறந்து, அதுக்குள்ள பிரதேச சபை அனுமதியில தொடங்கிக் குடிபூரல் மட்டும் நாப்பத்திச் சொச்சம் டாஸ்க் போட்டு, அவரையும் அதில ஒரு மெம்பர் ஆக்கி, 'அத்திவாரம் வெட்டுதல், பொறுப்பு: மேசன்' எண்டு அவருக்கு ஈமெயிலும் அனுப்பிப்போட்டுது. அந்த ஈமெயில் அவற்ற மனிசியும் பாக்கிற ஃபோனுக்குப் போனதுதான் பிரச்சினை.

அதனாலதான் இந்த ரிவியூ. டாஸ்க் மனேஜரின்ட பேரைச் சொல்லப் போறேல்ல. குறை சொல்லப் போறன், அதோட பேரைப் போட்டால் கீழ வந்து உது நல்லம் இது கூடாது எண்டு அடிபடுவினம், விசயம் மாறிப்போகும். நான் எழுத வாறது அந்த ஆப்பைப் பற்றியே இல்லை. ஏஜென்டுக்கு எண்டு அவை குடுத்திருக்கிற 'புரொஜெக்ட் உருவாக்கு' எண்ட ஒரே ஒரு டூலைப் பற்றியும், அதுக்கு அவை எழுதி வைச்சிருக்கிற விளக்கத்தைப் பற்றியும்தான்.

எங்கட தொழில் வீடு கட்டிக் குடுக்கிறது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், திருநெல்வேலி இந்தச் சுத்துவட்டாரம்தான் கூட. காணிக்காரர் முக்காவாசிப் பேர் வெளிநாட்டில, காசு அங்கயிருந்து வரும், யோசனையும் அங்கயிருந்து வரும், யோசனை இரவு ரெண்டு மணிக்கு வரும். கந்தோரில நானும் எஸ்டிமேட் அடிக்கிற தங்கச்சி ஒராளும்தான். மேசன் அண்ணை, ஓடாவி, வயரிங் பெடியள் எல்லாரும் வெளியில. முந்தி எல்லாம் ஒரு சீஆர் கொப்பியில ஒரு வீட்டுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கி எழுதிறனான், மழைக்காலத்தில கொப்பி நனைஞ்சு லின்டல் கணக்கும் ஓட்டுக் கணக்கும் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போகும். ஒரே நேரத்தில ஏழு எட்டு வீடு எண்டு வந்தவுடன கொப்பி சரிவரேல்ல. மச்சான் ஒராள் கொழும்பில சொஃப்ட்வெயர் கொம்பனியில இருக்கிறார், அவர்தான் சொன்னவர், 'அத்தான், டாஸ்க் மனேஜர் ஒண்டை எடுங்கோ, அதை ஏஜென்டோட கொழுவி விட்டால் வட்சப் மெசேஜை வாசிச்சு அதுவே எல்லாம் திறக்கும்' எண்டு. திறந்துதுதான்.

இது எப்பிடி வேலை செய்யுது எண்டு மச்சான் விளங்கப்படுத்தினதைக் கொஞ்சம் சொல்லோணும், இல்லாட்டி மிச்சம் விளங்காது. ஏஜென்டை வெளி ஆப்புகளோட கொழுவ எம்சிபி எண்டு ஒரு ஒழுங்குமுறை இருக்கு, மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டகோல், 2024 நவம்பரில அன்த்ரொபிக் வெளியில விட்டது, இப்ப கன கொம்பனி அதைத்தான் பாவிக்கினம். டாஸ்க் மனேஜர்க்காரர் தங்கட பக்கத்தில ஒரு சேர்வர் வைச்சிருப்பினம். ஏஜென்ட் அதிட்டப் போய் உன்னட்ட என்னென்ன டூல், எண்டால் நான் செய்யச் சொல்லக்கூடிய வேலை, இருக்கு எண்டு கேக்கும், அது ஒரு லிஸ்ட் குடுக்கும். அந்த லிஸ்டில ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பேர், ஒரு விளக்கம், பிறகு என்னென்ன கட்டம் நிரப்போணும் எண்டு ஜேசன் ஸ்கீமாவில ஒரு படிவம். அவ்வளவும்தான் ஏஜென்டுக்குத் தெரியும். டூலுக்குப் பின்னால ஓடுற கோட் அதுக்குத் தெரியாது, அந்தக் கொம்பனியின்ட வெப்சைட்டில வடிவா படம் போட்டு எழுதின ஹெல்ப் பக்கமும் தானாத் தெரியாது. சின்னப் பெடியனைத் துண்டு எழுதிக் குடுத்துக் கடைக்கு விடுறது மாதிரித்தான். துண்டில 'சீனி' எண்டு மட்டும் எழுதினால் அவன் சீனி வாங்கிக்கொண்டுதான் வருவான். எவ்வளவு, எந்தக் கடை, கடை பூட்டியிருந்தால் என்ன செய்யிறது, ஒண்டும் துண்டில இல்லை. பெடியனாவது வழியில நிண்டு யோசிச்சுத் திரும்பி வந்து கேப்பான், இது நேரா போய் எதையாவது வாங்கும்.

இப்ப அவை எழுதின துண்டைப் பாருங்கோ. ஏஜென்டின்ட செட்டிங்ஸுக்குள்ள போனால் டூல் விளக்கத்தை அப்பிடியே பாக்கலாம், தமிழில போட்டால் கிட்டத்தட்ட இப்பிடி வரும்:

'புதிய புரொஜெக்ட் ஒன்றை உருவாக்கும். பெயர்: கட்டாயம், நீளத்துக்கு எல்லை உண்டு. நிறம்: விரும்பினால், பின்வரும் இருபது நிறங்களில் ஒன்று. தாய்ப் புரொஜெக்ட் ஐடி: விரும்பினால். மெம்பர்ஸ்: விரும்பினால். தொடங்கும் திகதி: விரும்பினால்.'

முடிஞ்சுது. ஒரு பிழையும் இல்லாத எழுத்து. மனிசர் வாசிச்சால் போதும், ஏனெண்டால் எங்களுக்கு முன்னால ஸ்கிரீன் இருக்கு, மெம்பர்ஸ் கட்டத்தில ஈமெயில் அட்ரஸ் போட்டவுடன கீழ 'அழைப்பு அனுப்பப்படும்' எண்டு சின்ன எழுத்தில வரும், நாங்கள் கையை எடுத்திடுவம். ஏஜென்டுக்கு அந்தச் சின்ன எழுத்து இல்லை. அது மெசேஜில ஒரு அண்ணையின்ட ஈமெயில் கண்டுது, படிவத்தில மெம்பர்ஸ் எண்டு ஒரு கட்டம் கண்டுது, ரெண்டையும் பொருத்திச்சுது. கட்டத்தை நிரப்பினால் வெளியில ஒரு மனுசனுக்கு உடன மெயில் போகும் எண்டு துண்டில ஒரு வரி இருந்திருந்தால் ரொறன்ரோவில ஒரு வீட்டுச் சண்டை மிச்சம். அவர் பாவம், 'காணி என்ட பேரில இருக்கு எண்டு அவக்குத் தெரியாதடாப்பா' எண்டு மெல்லமாச் சொன்னவர், அதைப் பற்றி நான் இதுக்கு மேல எழுதேல்ல.

அடுத்தது கோண்டாவில் கதை. இதுதான் எனக்கு நித்திரை கெட்ட கதை.

ஒருநாள் ஆப்பைத் திறந்தால் 'கோண்டாவில் வீடு' எண்டு மூண்டு கிடக்கு. எங்களுக்குக் கோண்டாவிலில அப்ப இருந்தது ஒரே ஒரு வீடு, சுவர் எழும்பி லின்டல் மட்டத்தில நிண்டது. முதலாவதுக்குள்ள மேசன் அண்ணையின்ட டாஸ்க், ரெண்டாவதுக்குள்ள ஒண்டும் இல்லை, மூண்டாவதுக்குள்ள தங்கச்சி ஏத்தின எஸ்டிமேட். மேசன் அண்ணை எஸ்டிமேட் இல்லை எண்டு நிக்கிறார், தங்கச்சி நான் ஏத்திட்டன் எண்டு நிக்கிறா, ரெண்டு பேரும் சொல்லுறது உண்மை.

ரெண்டாவது எப்பிடி வந்தது எண்டு கண்டுபிடிக்கிறது லேசு. அண்டைக்கு மத்தியானம் கரண்ட் போனது, ரவுட்டர் செத்துப்போச்சு. ஏஜென்ட் புரொஜெக்ட் திறக்கச் சொல்லி அனுப்பிட்டுது, அங்க சேர்வர் திறந்தும் போட்டுது, 'திறந்திட்டன்' எண்ட பதில் மட்டும் இஞ்ச வந்து சேரேல்ல. கரண்ட் வந்தவுடன ஏஜென்ட், சரி போகேல்லப் போல எண்டு திரும்ப ஒருக்கா அனுப்பிச்சுது. சேர்வர் திரும்ப ஒருக்கா திறந்துது. சண்டை பிடிக்க ஒராளும் இல்லை, ரெண்டும் தங்கட வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு.

இதில எனக்குக் கோவம் வந்தது ஏனெண்டால், எம்சிபியில இதைச் சொல்ல ஒரு இடமே இருக்கு. 2025 மார்ச் பதிப்பில டூலோட சேத்து சில குறிப்புகள் குடுக்கலாம் எண்டு கொண்டுவந்தவை. இது வாசிக்க மட்டுமோ, இது எதையாவது அழிக்குமோ, ஒரே கட்டளையை ரெண்டு தரம் குடுத்தால் ரெண்டு தரம் நடக்குமோ ஒருதரம்தான் நடக்குமோ எண்டெல்லாம் சொல்லலாம். கடைசியாச் சொன்னதுக்குப் பேர் ஐடெம்பொட்டன்ட். ஒண்டும் சொல்லாட்டில், ரெண்டு தரம் குடுத்தால் ரெண்டு தரம் நடக்கும் எண்டுதான் எடுக்கோணும் எண்டும் அதிலயே கிடக்கு. குறிப்பு வெறும் குறிப்புத்தான், அதை வைச்சு ஏஜென்ட் கட்டாயம் ஒழுங்கா நடக்கும் எண்டு இல்லை, அது சரி. ஆனா அந்தக் குறிப்பும் இல்லை, விளக்கத்தில 'பதில் வராட்டில் முதல் தேடிப் பாக்கவும்' எண்டு ஒரு வரியும் இல்லை. கரண்டே போகாத ஊரில இருந்து எழுதியிருப்பினம்.

மூண்டாவது கோண்டாவில்தான் விசர் பிடிச்சது. அது வேற நாள், கரண்ட் இருந்த நாள். அதோட ஏஜென்ட் அண்டைக்குத் தேடியும் பாத்திருக்கு. அது செய்தது எல்லாம் பதிஞ்சு வைக்கிற லொக்கில கிடக்கு: 'கோண்டாவில் வீடு' எண்டு தேடினன், ஒண்டும் இல்லை, அதனால புதுசாத் திறக்கிறன். ஒண்டும் இல்லையாம்! நான் அதே பேரைக் கையால அடிச்சுத் தேடினால் ரெண்டு வருது. ஏஜென்டின்ட லொக்கில இருந்து கொப்பி பண்ணிப் போட்டுத் தேடினால் ஒண்டு வருது, அது மூண்டாவது. கண்ணுக்கு ஒரே எழுத்து. நான் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டும் பாத்தன்.

மச்சானுக்குத்தான் எடுத்தன். அவர் ரெண்டு பேரையும் அனுப்பச் சொல்லிப் போட்டு, ஒரு மணித்தியாலத்தால சிரிச்சுக்கொண்டு எடுத்தார். ஒண்டு 30 பைட்டாம், மற்றது 33 பைட்டாம், 'கோண்டாவில்' எண்ட சொல்லு மட்டும்.

விசயம் இதுதான். நாங்கள் கண்ணால அஞ்செழுத்து எண்டு எண்ணுற கோண்டாவில், கொம்பியூட்டருக்குப் பத்துத் துண்டு. க, ஓகாரக் குறி, ண, புள்ளி, ட, அரவு, வ, விசிறி, ல, புள்ளி. எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 எண்ட முறையில ஒரு தமிழ்த் துண்டு மூண்டு பைட், அப்ப 30. ஆனா யுனிகோட்டில 'கோ'வை இன்னொரு மாதிரியும் எழுதலாம், ஏகாரக் கொம்பைத் தனியாவும் அரவைத் தனியாவும் போட்டு. அப்ப பதினொரு துண்டு, 33 பைட். ஸ்கிரீனில ஒரு வித்தியாசமும் தெரியாது. கொ, கோ, கௌ வரிசை எல்லாத்துக்கும் இந்த வில்லங்கம் இருக்கு. எங்கட தங்கச்சி படிச்ச காலத்தில இருந்து பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சுப் பழகினவ, எஸ்டிமேட் எல்லாம் பாமினியில அடிச்சு, பிறகு ஒரு கொன்வேட்டரில போட்டு யுனிகோட் ஆக்குவா. பாமினியில கொம்பும் அரவும் வேற வேறயாத்தான் அடிக்கிறது, அவ பாவிச்ச கொன்வேட்டர் அதை அப்பிடியே வேற வேறயா மாத்திக் குடுத்திட்டுது. ஏஜென்ட் எஸ்டிமேட்டில இருந்து பேரை எடுத்துது, 33 பைட் கோண்டாவிலைத் தேடிச்சுது, 30 பைட் கோண்டாவில்தான் இருந்துது, 'இல்லை' எண்டுது.

இதுக்கு மருந்து புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. என்எஃப்சி எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு, ரெண்டு விதமா எழுதினதையும் ஒரு விதமாக்கிற வேலை, கனக்கக் கம்பியூட்டர் மொழியில ஒரு வரியில செய்யலாம் எண்டு மச்சான் சொன்னவர். பேரைச் சேமிக்கேக்கயும் தேடேக்கயும் அதைச் செய்திருந்தால் சரி. அதைச் செய்யாட்டிலும், 'பேர் ஒப்பிடேக்க துண்டு துண்டா அப்பிடியேதான் ஒப்பிடுவம்' எண்டு விளக்கத்தில எழுதியிருந்தால் நாங்கள் பேரை நம்பியிருக்க மாட்டம். கொக்குவிலுக்கும் இதே கதிதான் வந்திருக்கும், கொஞ்சம் முந்திக் கண்டதால தப்பிச்சுது. இணுவில் வீட்டுக்கு ஒரு பிரச்சினையும் வராது, அதில கொம்பு இல்லை. ஊரின்ட பேரைப் பாத்து எந்த வீட்டில பிழை வரும் எண்டு சொல்லுற நிலைமைக்கு வந்திட்டன்.

பேரின்ட நீளத்துக்கும் ஒரு எல்லை வைச்சிருக்கினம், அதுவும் பைட்டிலதான் எண்ணுறவை. 'யாழ்ப்பாணம்' எண்டு எழுதினால் நாங்கள் ஆறெழுத்து எண்டுவம், அங்க 33 பைட் போயிடும். இங்கிலிசில எழுதுறவனுக்கு 33 பைட்டில ஒரு வசனமே எழுதலாம். காணிக்காரற்ற பேரும் ஊரும் றோட்டும் போட்டால் எல்லை தாண்டி, பேர் நடுவில வெட்டுப்பட்டு நிக்கும். விளக்கத்தில 'எல்லை உண்டு' எண்டு இருக்கு, எதில எண்ணுறது எண்டு இல்லை.

நேரக் கதையைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். எக்கவுன்ட் திறந்தது எங்கட பங்காளி, அவர் ரொறன்ரோவில, காசு கட்டுற காட் அவற்ற. அதால ஆப்பின்ட நேரம் ரொறன்ரோ நேரம். ஏஜென்ட் ஒரு வீட்டுக்கு புரொஜெக்ட் திறக்கேக்க 'வெள்ளி காலமை 7 மணி, கொங்கிறீட் மிக்சர்க்காரருக்குக் கோல் அடி' எண்டு போட்டுது. நினைவூட்டல் எனக்கு வந்தது வெள்ளி பின்னேரம் நாலரைக்கு. வெயில் காலத்தில ரெண்டு ஊருக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், கணக்குச் சரி. மேசன் அண்ணை விடியவே தானே மிக்சர்க்காரருக்கு அடிச்சு, ராகு காலம் பத்தரைக்குத் தொடங்க முதல் பாதி பிளேட்டும் போட்டு முடிச்சிட்டார், நினைவூட்டல் வரேக்க அவர் குளிச்சு வெளிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டார். இலங்கையில 1996இல இருந்து 2006 வரைக்கும் மணிக்கூட்டை அரை மணி ஒரு மணி எண்டு மாத்தி மாத்தி வைச்ச காலத்தைக் கண்ட ஆக்கள் நாங்கள், எந்த நேரம் எண்டு கேக்கிறது எங்கட பழக்கம். இந்த டூலின்ட 'தொடங்கும் திகதி' கட்டத்துக்குப் பக்கத்தில எந்த ஊர் நேரம் எண்டு ஒரு சொல்லுக் கூட இல்லை.

நல்லதும் இருக்கு, இல்லாட்டில் ஆறு மாசம் காசு கட்டியிருக்க மாட்டன். தாய்ப் புரொஜெக்ட் விசயம் சரியான வசதி, 'கோண்டாவில்' எண்டு ஒண்டு திறந்து அதுக்குள்ள ஒவ்வொரு வீடாப் போடலாம், ஊர்ப்பக்கமாப் போற நாளில அந்தப் பக்கத்து வேலை எல்லாம் ஒண்டாத் தெரியும். போர்டு மாதிரிப் பாக்கிற வசதியில அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு எண்டு வரிசையா வைச்சால் தங்கச்சி காட்டைப் பிடிச்சு இழுத்து விடுவா, மேசன் அண்ணைக்கும் படமாப் பாக்க விளங்குது. ஏஜென்ட் ஒரு வீட்டுக்கு வேலை லிஸ்ட் போடுறது என்னை விடத் திறம், கிணத்துக்கும் மலக்குழிக்கும் இடைத்தூரம் பாக்கிற டாஸ்க்கை நான் ரெண்டு வீட்டில மறந்தனான், அது ஒருநாளும் மறக்கேல்ல. பிழை வந்தால் அந்தப் பிழையை ஏஜென்டுக்கே திருப்பிச் சொல்லுற முறையும் எம்சிபியில இருக்கு, தாய் ஐடி பிழை எண்டால் அது பாத்து, சரியான ஐடியை எடுத்துத் திரும்பப் போடும், அதை இவை ஒழுங்காச் செய்திருக்கினம். ஒரு இடத்தில மட்டும் சறுக்கினது: எங்கட பிளானுக்குரிய புரொஜெக்ட் எண்ணிக்கை முடிஞ்ச நேரம், பிழை எண்டு சொல்லாமல், 'உங்கள் திட்டத்தை மேம்படுத்தலாம்' எண்டு விளம்பர வசனம் ஒண்டைச் சாதாரணப் பதிலாத் திருப்பி அனுப்பியிருக்கு. ஏஜென்ட் அதை வெற்றி எண்டு எடுத்து 'திறந்தாச்சு' எண்டுது. ரெண்டு நாள் இணுவில் வீட்டைத் தேடினன்.

இஞ்ச ஒரு நியாயமும் சொல்லோணும். விளக்கத்தை ஏன் அவை இவ்வளவு கஞ்சத்தனமா எழுதியிருக்கினம் எண்டு மச்சானிட்டக் கேட்டன். டூல் விளக்கம் முழுக்க ஏஜென்டின்ட தலைக்குள்ள ஒவ்வொரு கதையிலயும் போய்க் குந்துமாம், அது வாசிக்கிறதை எண்ணுற அலகான டோக்கன் கூடப் போகும், நாப்பது டூலுக்கு ஒவ்வொரு பக்கம் எழுதினால் எங்கட மெசேஜை வாசிக்க முதலே களைச்சுப் போகுமாம். சரி, விளங்குது. ஆனா 'நிறம்' கட்டத்துக்கு இருவது நிறத்தின்ட பேரையும் எழுத இடம் இருக்கு, மெயில் போகும் எண்டு எழுத இடம் இல்லையோ? டோடோயிஸ்ட் எண்ட டாஸ்க் ஆப்காரர் தங்கட ஏபிஐ, எண்டால் வேற புரோகிராம்கள் வந்து கதைக்கிற வாசல், அதின்ட விளக்கத்தில ஒரு விசயம் எழுதி வைச்சிருக்கினம், ஸ்கிரீனில முதலாம் அவசரம் எண்டு காட்டுறது ஏபிஐயில 4 எண்டு வரும், கவனம் எண்டு. ஒரே ஒரு வரி. அது தலைகீழான ஏற்பாடுதான், ஆனா தலைகீழ் எண்டு வாயால சொல்லிட்டினம், ஒராளும் விழமாட்டினம். அந்த மாதிரி நாலு வரிதான் நான் கேக்கிறது.

கடைசியில நாங்களே ஒரு துண்டு எழுதினம். ஏஜென்டுக்கு நிரந்தர அறிவுறுத்தல் எண்டு ஒரு பெட்டி இருக்கு, அதுக்குள்ள. தங்கச்சியும் நானும் ரெண்டு நாள் இருந்து எழுதினது, தமிழிலதான், டோக்கன் கூடப் போகும் எண்டு மச்சான் சொன்னவர்தான், ஆனா நான் இல்லாத நேரம் தங்கச்சி திருத்தோணும். அப்பிடியே போடுறன், ஆருக்காவது உதவும்:

'புது வீடு எண்டு காணிக்காரர் வாயால சொல்லி, முற்பணமும் வந்தால்தான் புரொஜெக்ட் திற. விலை விசாரிக்கிறவருக்குத் திறக்காத, விசாரிப்பு எண்ட லிஸ்டில ஒரு டாஸ்க் மட்டும் போடு. எது எண்டு தெரியாட்டில் என்னட்டக் கேள். மெம்பர்ஸ் கட்டத்தை ஒருநாளும் நிரப்பாத, நிரப்பினால் வெளியாளுக்கு மெயில் போகும். பேரை எங்கட வீட்டு இலக்கத்தில தொடங்கு, 27 கோண்டாவில் எண்டு. தேடேக்க இலக்கத்தால தேடு, ஊர்ப் பேரால தேடாத. பதில் வராட்டில் திரும்பத் திறக்காத, முதல் இலக்கத்தால தேடிப் பார். திறந்த பிறகு ஐடி ஒண்டு வரும், ஐடி வராட்டில் திறபடேல்ல எண்டு அர்த்தம், பதிலில என்ன வசனம் இருந்தாலும் சரி. நேரம் எல்லாம் யாழ்ப்பாண நேரம். செவ்வாய்க்கிழமை புது வேலை தொடங்காத.'

கடைசி வரி மேசன் அண்ணை சொல்லிச் சேத்தது. இலக்க யோசனை தங்கச்சியின்ட, 2க்கும் 7க்கும் கொம்பும் இல்லை அரவும் இல்லை எண்டா. இதைப் போட்ட பிறகு ரெண்டரை மாசமா ஒரு இரட்டைப் புரொஜெக்ட்டும் வரேல்ல, இவ்வளவுக்கும் டூலில ஒரு எழுத்தும் மாறேல்ல. கரண்ட் மட்டும் அதுக்குள்ள எத்தினை தரம் போயிருக்கும்.

சப்போட்டுக்கும் எழுதினன், மெயில் விசயம், இரட்டை விசயம், கோ விசயம் மூண்டையும் படத்தோட. மெயில் விசயத்துக்கு விளக்கத்தில ஒரு வரி சேக்கிறம் எண்டு பதில் வந்தது, சேத்தும் இருக்கினம், போன கிழமை பாத்தன், 'அழைப்பு மின்னஞ்சல் உடனே அனுப்பப்படும்' எண்டு கிடக்கு. இரட்டை விசயத்துக்கு, பரிசீலிக்கிறம். கோ விசயத்துக்கு 'எங்களால் அந்தப் பிரச்சினையை மீளுருவாக்க முடியவில்லை, இரண்டு பெயர்களும் ஒரே மாதிரித்தானே இருக்கின்றன' எண்டு பதில். ஓம் ராசா, அதுதானே பிரச்சினை.

ஐஞ்சுக்கு எவ்வளவு எண்டு கேட்டால் டூலுக்கு நாலு குடுப்பன், டூலின்ட விளக்கத்துக்கு ரெண்டு, அந்த மெயில் வரியைச் சேத்ததுக்காக ரெண்டரை. தனி ஆளா ஒரு கல்யாணமோ ஒரு வீடோ பாக்கிற ஆக்களுக்கு ஏஜென்ட் இல்லாமலே ஆப் காணும், காசு கட்டாதையுங்கோ. நாலைஞ்சு வேலை ஒரே நேரத்தில ஓடுது, மெசேஜ் நாலு நாட்டில இருந்து வருது எண்டால் எடுக்கலாம், ஆனா முதல் கிழமை ஏஜென்டுக்குத் திறக்கிற உரிமை குடுக்காமல் 'செய்ய முதல் கேள்' எண்டு வைச்சு, அது என்னென்ன திறக்க நினைக்குது எண்டு பாத்து, அதுக்குப் பிறகு உங்கட துண்டை எழுதுங்கோ. தமிழில பேர் வைக்கிறவை ஒரு 'கொ'வோ 'கோ'வோ வாற பேரை ரெண்டு விதமா அடிச்சுத் தேடிப் பாருங்கோ, ரெண்டு நிமிச வேலை.

ரொறன்ரோ அண்ணை நேற்று இரவு மெசேஜ் போட்டிருக்கிறார். மனிசி ஓமாம், ஆனா மூண்டு அறை காணாதாம், மேல்வீடும் வேணுமாம், மேல அவவின்ட அம்மா இருக்கப் போறாவாம். ஏஜென்ட் ஒண்டும் திறக்கேல்ல. 'இது புது வீடா, விலை விசாரிப்பா? முற்பணம் பற்றி இதில ஒண்டும் இல்லை' எண்டு எனக்கு எழுதி வைச்சிருக்கு. நான் இன்னும் பதில் போடேல்ல, தங்கச்சி முதல் மேல்வீட்டுக்கு எஸ்டிமேட் அடிக்கட்டும்.